பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருப்பவர்: இளம் வாத்தியக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

பியானோ, வயலின், செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட், கிட்டார் என்று மேலை வாத்தியங்களைக் கற்று, ஆண்டுதோறும் கிரேடு தேர்வுக்குப் போய்வரும் இளையோருக்கு,

மேலைச் செவ்விசையில் புதிதாக எழுதத் தொடங்கும் ஓர் இசையமைப்பாளரின் முதல் பத்து ஆண்டுகள் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. பரிசளிக்கும் நடுவர்களும் அரங்க நிர்வாகிகளும் பதிப்பகங்களும் பிறகுதான் வருகிறார்கள். கதை எழுதுபவர் எழுதி முடித்ததும் வாசகர் அதை நேரே எடுத்துப் படித்துவிடலாம். ஸ்கோர் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. ஐந்து கோடுகளுக்குள் அவர் குறித்து வைத்தது, யாரோ ஒருவர் வில்லை எடுத்து நரம்பின் மேல் வைக்கும்வரை ஒலியாவதில்லை. எழுதியதை உடனே ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒலியில் கிளாரினெட்காரருக்கு மூச்சு வாங்குவதில்லை. செல்லோவில் விரல் எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. ஒபோவின் அடிமட்ட ஸ்வரங்களை மெல்லென வாசிப்பது எவ்வளவு சிரமம் என்பது தெரிவதில்லை. மென்பொருளை மட்டும் கேட்டு வளர்ந்த இசையமைப்பாளர் முதல் ஒத்திகையில் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பு அவருக்கு எவ்வளவு சீக்கிரம் வாய்க்கிறதோ அவ்வளவு நல்லது. அதைக் கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள்.

தாமஸ் ஆடெஸின் தொடக்க ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்பது விளங்கும். 1971இல் லண்டனில் பிறந்தவர். உங்களைப் போலவே முதலில் அவர் ஒரு வாத்தியக்காரர். லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் பால் பெர்கோவிட்ஸிடம் பியானோவும் ராபர்ட் சாக்ஸ்டனிடம் இசையமைப்பும் கற்றார். 1989இல் பிபிசி நடத்திய இளம் இசைக்கலைஞர் போட்டியின் பியானோப் பிரிவில் அவருக்குக் கிடைத்தது இரண்டாமிடம். அதன் பிறகே இசையமைப்பாளராக வேண்டும் என்று முடிவெடுத்தார். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்குப் போய் அலெக்சாண்டர் கோர், ராபின் ஹாலோவே ஆகியோரிடம் படித்தார். இரண்டாமிடத்தைத் தோல்வியாகக் கருதிப் பியானோ மூடியைச் சாத்திவிடும் மாணவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடெஸ் பியானோவை விடவே இல்லை. அவருடைய இசைக்கு முதலில் கிடைத்த நம்பகமான வாசிப்பாளர் அவரேதான்.

தன் படைப்பு வரிசையின் முதல் எண்ணை அவர் கொடுத்தது 1990இல் எழுதிய 'ஃபைவ் எலியட் லேண்ட்ஸ்கேப்ஸ்' என்ற பாடல் தொகுப்புக்கு. டி. எஸ். எலியட்டின் சிறு கவிதைகளுக்கான அதை நிகழ்த்த ஒரு சொப்ரானோ குரலும் ஒரு பியானோவும் போதும். அதே ஆண்டு எழுதிய 'சேம்பர் சிம்பொனி'க்கு 15 பேர் வேண்டும். 1991இல் வந்தது 'கேட்ச்'. இதில் பியானோ, வயலின், செல்லோ மூன்றும் ஓரிடத்தில் அமர்ந்து வாசிக்க, கிளாரினெட்காரர் அவர்களைச் சுற்றி அலைந்தபடி, மேடைக்கு உள்ளும் வெளியிலுமாக இருந்து வாசித்து, கடைசியில்தான் அவர்களோடு வந்து சேருகிறார். நடந்துகொண்டே வாசிக்கச் சொன்னால் முகம் சுளிக்காத ஒரு கிளாரினெட்காரர் இல்லாமல் இப்படி ஓர் உருப்படி எழுந்து நிற்க முடியாது. கல்லூரிக்காலத்தில் எழுதியவற்றின் அளவைக் கவனியுங்கள்: ஒரு குரல், நான்கு பேர், பதினைந்து பேர். நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை மாணவருக்கு யாரும் தரப்போவதில்லை. நான்கு பேரை எந்தக் கல்லூரியிலும் திரட்டலாம். அந்த நால்வர் இணங்குவார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1993 ஜனவரியில் லண்டன் பர்செல் ரூமில் ஆடெஸ் தனிப் பியானோக் கச்சேரி செய்தார். அதை ஏற்பாடு செய்தது பார்க் லேன் குரூப் என்ற அமைப்பு. இளம் வாத்தியக் கலைஞர்களுக்கு மேடை தரும் அமைப்பு அது. மேடையேறுபவர்கள் தங்கள் காலத்து இசையையும் வாசிக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. அந்த ஒரு நிபந்தனை எத்தனை இசையமைப்பாளர்களுக்கு வழி திறந்துவிட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். வாத்தியக்காரர் மேடை வேண்டி வருகிறார். புதிய உருப்படியும் அவருடன் சேர்ந்து மேடை ஏறிவிடுகிறது. ஆடெஸின் அந்தக் காலத்துப் பியானோ உருப்படியான 'ஸ்டில் சாரோயிங்'கில் நடுப்பகுதித் தந்திகளின் மேல் புளூ டாக் என்ற ஒட்டுப் பசையை ஒட்டி ஒலியை அமுக்க வேண்டும். சுவரொட்டி ஒட்டுகிற அதே பசைதான். பியானோவின் வயிற்றுக்குள் கையை விட்டு ஒட்டுவதற்கு உங்கள் ஆசிரியர் அனுமதிப்பாரா என்பது வேறு கேள்வி. அனுமதி கேட்டு, தந்தி கெடாமல் ஒட்டி, பிறகு சுத்தமாக எடுத்துவிடுவது உங்களுக்குத்தான் அழகு.

இங்கே ஆலிவர் நஸனின் கதையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அது நேர் எதிரான தொடக்கம். அவர் தந்தை ஸ்டூவர்ட் நஸன் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை டபுள் பாஸ் கலைஞர். 1968 ஏப்ரலில் அந்த ஆர்கெஸ்ட்ரா ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மகனின் முதல் சிம்பொனியை வாசித்தது. அப்போது மகனுக்கு வயது 15. நடத்த வேண்டிய இஷ்ட்வான் கெர்டெஸ் உடல்நலமின்றிப் போகவே, சிறுவனே கோலை எடுத்து நடத்தினார். இதைவிடப் பெரிய தொடக்கம் யாருக்குக் கிடைக்கும்? அந்தச் சிம்பொனியைப் பிற்காலத்தில் அவர் தன் படைப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளவில்லை. சுமார் 15 நிமிடமே நீளும் மூன்றாம் சிம்பொனியை முடிக்க அவருக்கு 1973 முதல் 1979 வரை பிடித்தது. சிறுவயதில் பெரிய மேடை கிடைத்தால் எல்லாம் கைகூடிவிடும் என்று நம்பும் பெற்றோர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். தவறு செய்து பார்ப்பதற்குச் சிறிய அறைதான் பாதுகாப்பு. நால்வர் மட்டும் கேட்ட தவறை அடுத்த வாரமே திருத்திவிடலாம். நஸன் பின்னாளில் தன் தலைமுறையின் மிகச் சிறந்த இசை நடத்துநர்களில் ஒருவரானார். தனக்கு இளையவர்களின் புதிய ஸ்கோர்களை அவரளவு பொறுமையோடு ஒத்திகை பார்த்தவர்கள் குறைவு.

அந்தப் பொறுமை ஆடெஸுக்கும் கிடைத்தது. 1968இல் தொடங்கப்பட்ட லண்டன் சின்ஃபோனியெட்டா, வாழும் இசையமைப்பாளர்களை வாசிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட குழு. அது கேட்டு எழுதப்பட்டதுதான் 'லிவிங் டாய்ஸ்'. வீரனாக வேண்டும் என்று கனவு காணும் சிறுவன் ஒருவனின் கற்பனைகள்: தேவதைகள், காளைச் சண்டை, ஒரு கணினியின் மரணம். 1994இல் நஸன் அதை நடத்தினார். அதே ஆண்டு எண்டெலியன் குவார்டெட்டுக்காக 'ஆர்கேடியானா' பிறந்தது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஏழு சிறு பகுதிகள். எண்டெலியன் குழு அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கிய குழு. தான் படித்த ஊரிலேயே இயங்கிய நால்வருக்கு எழுதிய உருப்படி இன்று உலகெங்கும் இளம் குவார்டெட்டுகள் எடுத்து வாசிக்கும் ஒன்றாகிவிட்டது. உங்களில் நான்கு பேர் சேர்ந்து ஒரு குவார்டெட் அமைத்திருந்தால், ஆறாம் பகுதியான 'ஓ ஆல்பியன்' உங்கள் கைக்கு எட்டாததல்ல. சில நிமிடம்தான். மெதுவானது, மெதுவானது என்பதாலேயே சுருதி சுத்தம் கேட்பது.

1995இல் 'பவுடர் ஹர் ஃபேஸ்' ஓபரா. பிலிப் ஹென்ஷர் எழுதிய நாடகம், செல்டன்ஹாம் விழாவில் முதல் மேடையேற்றம், நான்கு பாடகர்கள், பதினைந்து வாசிப்பாளர்கள். ஓபரா என்றதும் பெரிய கூட்டமும் பெரிய செலவும் நினைவுக்கு வரும். நான்கு பாடகர்களும் பல வேடம் மாற்றிப் பாடுவதால் சிறு அரங்கிலும் இதைச் செய்துவிடலாம். பின்னர் பல நாடுகளில் பல குழுக்கள் இதை எடுத்துச் செய்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். வாசிப்பவர்களின் நிலைமையை அறிந்து எழுதுவதும் கலைதான். அந்த அறிவு இசையமைப்பாளருக்கு வாசிப்பவர்களோடு பழகித்தான் வரும்.

எல்லாரும் கில்ட்ஹாலிலும் கேம்பிரிட்ஜிலும் படிப்பதில்லையே என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம். கரோலின் ஷாவின் தொடக்கம் வேறு மாதிரி. 1982இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த அவர் சிறுவயதில் தாயிடம் வயலின் கற்றார். ரைஸ், யேல் பல்கலைக்கழகங்களில் அவர் பெற்ற பட்டங்களும் வயலினுக்கானவையே. நியூயார்க்கில் கிடைத்த இடத்தில் வயலின் வாசித்தும் தேவாலயப் பாடற்குழுவில் பாடியும் காலம் தள்ளினார். 2009இல் பிராட் வெல்ஸ் எட்டுக் குரல்களை வைத்து 'ரூம்ஃபுல் ஆஃப் டீத்' என்ற குழுவைத் தொடங்கியபோது அதில் ஷாவும் ஒருவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆடம்ஸில், பழைய ஆலைக் கட்டிடங்களில் இயங்கும் ஒரு கலைக்கூடத்தில் அந்தக் குழு கோடைதோறும் கூடித் தங்கியது. உலகின் பல மூலைகளின் பாடல் முறைகளைப் பயிற்றுநர்களிடம் கற்றது. அந்தக் கோடைகளில், 2009 முதல் 2011 வரை, தன்னுடன் பாடிய ஏழு பேரின் குரல்களை மனத்தில் வைத்து ஷா ஒவ்வொரு பகுதியாக எழுதியதுதான் 'பார்ட்டிட்டா'. காலையில் கற்ற குரல் உத்தியை மாலையில் தாளில் ஏற்றிப் பார்க்கலாம். பாடுகிறவர் பக்கத்து அறையில் இருக்கிறார். 2012இல் ஒலிப்பதிவு வந்தது. ஷா தானாகவே புலிட்சர் இசைப் பரிசுக்கு அதை அனுப்பி வைத்தார். 2013இல் பரிசும் வந்தது. அந்தப் பிரிவில் அதுவரை பரிசு பெற்றவர்களில் மிக இளையவர் அவர், வயது 30. நான்கு பகுதிகளையும் சேர்த்து ஒரே மேடையில் முழுமையாகப் பாடியது அதற்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில்தான்.

பரிசு வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் யார்? ஏழு சக பாடகர்கள். ஷாவை இசையமைப்பாளர் என்று பலர் அறிந்திராத காலத்தில், தாளை நீட்டியதும் வாங்கிப் பாடிப் பார்த்தவர்கள். இந்த மடலில் உங்களிடம் கேட்கப்படுவது அந்த எழுவரின் வேலை.

காசு விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. இந்தத் துறையில் தொடக்கத்தில் எழுதி மட்டும் பிழைத்தவர்கள் அரிது. பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடம் பயின்று, அங்கேயே ரவிசங்கருடன் ஒரு திரைப்பட இசைக்காகப் பணியாற்றித் தாளக் கணக்கின் வேறொரு வழியைக் கண்டுகொண்ட ஃபிலிப் கிளாஸ், நியூயார்க் திரும்பியதும் தன் இசையை வாசிக்க 1968இல் சொந்தக் குழு அமைத்தார். மற்றக் குழுக்கள் எடுக்கும்வரை காத்திருக்கவில்லை. குழாய் வேலையும் பார்த்தார், டாக்சியும் ஓட்டினார். 1976 நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' நடந்து அரங்கம் நிரம்பிய பிறகும் அவர் டாக்சிக்குத்தான் திரும்பினார். நாற்பது வயதைக் கடந்து, காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளைப் பற்றிய 'சத்தியாகிரகா' ஓபராவை எழுத நெதர்லாந்திலிருந்து அழைப்பு வந்த சமயத்தில்தான் அந்த ஓட்டம் நின்றது. 1987இல் மைக்கேல் கார்டன், டேவிட் லாங், ஜூலியா வுல்ஃப் மூவரும் நியூயார்க்கில் தொடங்கிய 'பேங் ஆன் எ கேன்' அமைப்பும் இப்படித்தான்: ஒரு ஓவியக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேரக் கச்சேரி, நண்பர்கள் வாசிக்க நண்பர்கள் கேட்க. வாத்தியக்காரருக்குக் கற்பித்தாவது வருமானம் வரும். இளம் இசையமைப்பாளருக்கு அதுவும் எளிதல்ல. ஆகவே நீங்கள் கேட்டு எழுதப்படும் உருப்படிக்குச் சிறு தொகையாவது கொடுங்கள். முடியாவிட்டால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அவர் தர வேண்டிய, ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தாள்களை அச்சடிக்கும் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, முறையீடு.

புதிய இசைக்கு இன்று பஞ்சம் இல்லை. முதல் வாசிப்புக்கும் அவ்வளவாக இல்லை. விழாக்களும் ஆர்கெஸ்ட்ராக்களும் 'உலகில் முதன்முறையாக' என்று அச்சிட விரும்புகின்றன. நிதி கொடுப்பவர்களுக்கும் அந்த வாசகம் பிடிக்கும். இரண்டாம் முறை வாசிப்பதற்கு அப்படி ஒரு கவர்ச்சியான வாசகம் கிடையாது. விளைவு: மாதக்கணக்கில் உழைத்து எழுதிய பத்து நிமிடம் ஒரே ஒரு மாலை ஒலித்துவிட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. முதல் வாசிப்பில் வாசிப்பவர்கள் சரியாக எண்ணிக்கொண்டு ஒருவரையொருவர் விட்டுவிடாமல் முடிப்பதே பெரிய காரியம். உருப்படி என்ன சொல்கிறது என்பது அவர்களுக்கே இரண்டாம், மூன்றாம் முறையில்தான் பிடிபடும். கேட்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே முறை கேட்டுவிட்டு 'புரியவில்லை' என்று எழுந்து போகிறவர்களைக் குறை கூறுவதற்கு முன், இரண்டாம் முறை கேட்க அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆடெஸின் 'அசைலா' இதற்கு நல்ல எதிர்ச்சான்று. 1997 அக்டோபரில் பர்மிங்காம் சிட்டி ஆர்கெஸ்ட்ரா சைமன் ராட்டில் தலைமையில் அதை முதன்முதலில் வாசித்தது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, அதற்குள் கால் சுருதி இறக்கிக் கட்டிய ஒரு பியானோ, லண்டன் இரவுக் கூடங்களின் டெக்னோ தாளத்தை ஆர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்த மூன்றாம் பகுதி. 2000இல் அதற்கு அமெரிக்காவின் கிராவ்மையர் பரிசு கிடைத்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு பரிசுப் படைப்பாகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். ராட்டில் விடவில்லை. 2002 செப்டம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் கச்சேரியில், மாலரின் ஐந்தாம் சிம்பொனியோடு அவர் வைத்தது 'அசைலா'வை. 2017இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பேற்றபோதும் முதல் கச்சேரியில் மறுபடி 'அசைலா'. இருபது ஆண்டு இடைவெளியில், மூன்று ஊர்களில், ஒரே மனிதரின் பிடிவாதம். ஒரு படைப்பு நிலைபெறுவது இப்படி. உங்களுக்குப் பெர்லின் இல்லை. ஆனால் பிடிவாதத்துக்கு ஆர்கெஸ்ட்ரா தேவைப்படுவதில்லை.

தமிழ் வீடுகளில் வளர்ந்த உங்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல. தியாகராஜரின் கீர்த்தனைகள் இன்று மேடையில் இருப்பதற்கு அவரது மேதைமை மட்டும் காரணமல்ல. வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சீடர் வழிகள் அவற்றைத் திரும்பத் திரும்பப் பாடி, தம் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி, ஏடுகளில் எழுதியும் வைத்தன. மேலை வாத்தியத்தோடு நெருங்கிய சான்றும் சென்னையிலேயே உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வெளிவந்தபோது அதில் வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். எழுதியவரின் கற்பனையில் கர்நாடக ராகமும் பாக்கின் எதிரிசையும் சேர்ந்தது ஒரு பாதி. இரண்டு மரபுகளும் விரலில் ஊறிய ஒரு வயலின்காரர் இருந்தது மறுபாதி.

அப்படியிருக்க, உங்கள் ஆண்டு எப்படிக் கழிகிறது? 1889இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வு வாரியம் ஆகட்டும், ட்ரினிட்டி ஆகட்டும், வழக்கமாகத் தேர்வுக்கு மூன்று உருப்படிகள். அவற்றையே மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத் தேர்வறையில் ஒப்பித்துவிட்டு, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அடுத்த கிரேடின் மூன்று உருப்படிகளுக்குப் போய்விடுகிறீர்கள். எட்டாம் கிரேடு முடிந்ததும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுபவர்களும் உங்களில் இல்லாமல் இல்லை. தேர்வு முறையைப் பழிப்பது இங்கே நோக்கமல்ல. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் பலருக்கு விரல் இந்த அளவு ஓடியிருக்காது. பாடத்திட்டத்தில் வாழும் இசையமைப்பாளர்களின் உருப்படிகளும் இருக்கின்றன. ஆனால் அவை தேர்வுக்குழு தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, கடினத்தை அளந்து உங்கள் கையில் கொடுத்தவை. எழுதியவரிடம் 'இந்த இடத்தில் வில்லை மேலிழுப்பதா கீழிழுப்பதா' என்று நீங்கள் கேட்டதில்லை. அவரும் 'உங்களுக்கு எது வசதி' என்று உங்களைக் கேட்டதில்லை. பாக்கிடமும் பீத்தோவனிடமும் கேட்க வழியில்லை. உங்கள் வயதுக்காரரிடம் கேட்கலாம்.

உங்கள் வயதுக்காரர் எழுதியதை வாசிக்கச் சொன்னால் உங்களிடமிருந்து வரும் மறுப்புகள் எதிர்பார்க்கக்கூடியவைதான். புதிய இசை கரடுமுரடாக இருக்கும் என்பீர்கள். சிலது இருக்கும். ஷாவின் 'ஆன்த்ராக்ட்' என்ற குவார்டெட் உருப்படியைக் கேட்டுப் பாருங்கள். 2011இல், ஹைடனின் ஒரு குவார்டெட்டைக் கேட்ட உந்துதலில் எழுதியது. அது உங்கள் காதுக்கு அந்நியமாக இராது. எழுதுபவர் தேர்ந்தவர் அல்லர் என்பீர்கள். உண்மை, ஆறாம் கிரேடில் நீங்களும் தேர்ந்தவர் அல்லர். மதிப்பெண் கிடைக்காதே என்பது மிகவும் நேர்மையான மறுப்பு. அதற்கும் ஒரு பதில் இருக்கிறது: ட்ரினிட்டியின் கிரேடு தேர்வில் ஒரு உருப்படிக்குப் பதிலாகத் தேர்வெழுதுபவர் தானே எழுதியதை வாசிக்க இடம் உண்டு. அந்தச் சலுகையைப் பயன்படுத்தி நீங்களே எட்டு வரி எழுதிப் பாருங்கள். எழுதுபவரின் பாடு என்னவென்று அன்றைக்குத் தெரியும். நேரம் இல்லை என்ற மறுப்புக்குப் பதில் சொல்வது கடினம். பள்ளிப் பரீட்சை, நுழைவுத் தேர்வு, அதற்கு நடுவே இசை. அதனால்தான் கேட்கப்படுவது மூன்று நிமிடம், முப்பது அல்ல.

கேட்கப்படுவது இதுதான். வரும் ஓராண்டுக்குள் உங்கள் வயதை ஒட்டிய ஓர் இசையமைப்பாளரைத் தேடிப் பிடியுங்கள். இசைப் பள்ளியில் படிப்பவராக இருக்கலாம். மடிக்கணினியில் தனக்குத்தானே எழுதிக்கொண்டிருக்கும் வகுப்புத் தோழியாகவும் இருக்கலாம். சென்னையாக இருந்தாலும் கொழும்பாக இருந்தாலும் டொரன்டோவாக இருந்தாலும் அப்படி ஒருவர் நீங்கள் நினைப்பதைவிட அருகிலேயே இருப்பார். கூச்சத்தால் சொல்லாமல் இருப்பார். உங்கள் வாத்தியத்தை அவர் முன் வைத்து ஒரு பிற்பகல் முழுக்க வாசித்துக் காட்டுங்கள். எந்த ஸ்வரம் இனிக்கும், எது கத்தும், எந்தத் தாவல் விரலை முறிக்கும், எவ்வளவு நேரம் மூச்சு நிற்கும் என்று எல்லாவற்றையும். அதற்குப் பிறகு மூன்று நிமிட உருப்படி ஒன்று கேளுங்கள்.

தாள் வந்ததும் அதைத் தேர்வுத்தாள் போலத் திருத்தாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் வேண்டாம். பார் எண்கள் இருக்கின்றனவா, பக்கம் திருப்ப ஓய்வு விட்டிருக்கிறாரா, மற்ற வாத்தியம் எங்கே நுழைகிறது என்று உங்கள் தாளில் குறித்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். தொழில்முறைக் குழுக்களில் ஒத்திகை நேரம் காசு; மோசமான தனித்தாளால் வீணாகும் பத்து நிமிடத்துக்காக ஓர் இளம் இசையமைப்பாளரை அந்தக் குழு மறுபடி அழைக்காமலே விட்டுவிடலாம். அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுக் கூடத்தில் செலவில்லாமல் அவர் கற்றுக்கொள்ளட்டும். ஒத்திகையில் அவரை உட்கார வையுங்கள். வாசிக்க முடியாத இடத்தை முடியவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வாரம் உண்மையாகவே முயன்று பார்த்திருங்கள். இன்று முடியாதென்று தோன்றுவது பல நேரம் பழகாததுதான்.

பிறகு உங்கள் ஆசிரியரிடம் போய், ஆண்டுதோறும் நடக்கும் மாணவர் கச்சேரியில் ஐந்து நிமிடம் கேளுங்கள். மூன்று நிமிடம் இசைக்கு, மீதி இசையமைப்பாளர் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசுவதற்கு. நிகழ்ச்சித்தாளில் அவர் பெயரை, எழுதிய ஆண்டோடு, பாக்கின் பெயர் எந்த எழுத்தளவில் இருக்கிறதோ அதே அளவில் அச்சிடச் சொல்லுங்கள். நல்ல ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்து, அந்தப் பதிவை அவருக்குக் கொடுங்கள். இசைக்கல்லூரிச் சேர்க்கைக்கும் போட்டிகளுக்கும் உதவித்தொகைக்கும் அவர் அனுப்ப வேண்டியது அதுதான். மென்பொருளின் ஒலியைவிட, நான்கு மனிதர்கள் கொஞ்சம் பிசகி வாசித்தது நடுவர்களுக்கு அதிகம் சொல்லும்.

முதல் வாசிப்புக்கு நாள் குறிக்கும்போதே இரண்டாவதற்கும் குறித்துவிடுங்கள். வேறு இடமாக, வேறு ஆட்கள் கேட்பதாக இருக்கட்டும்: ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், ஒரு நூலகம், யாருடைய வீட்டு மொட்டை மாடியாவது. இடையில் அவர் திருத்தங்கள் செய்ய ஆறு வாரமாவது விட்டு வையுங்கள். இரண்டாவதும் முடிந்தபின் விரலிடங்களும் வில் குறிகளும் பென்சிலால் எழுதிய உங்கள் தாளின் நகல் ஒன்றை, எழுதியவரின் சம்மதத்தோடு, அதே வாத்தியம் வாசிக்கும் இன்னொரு மாணவரிடம் கொடுங்கள். மூன்றாவதை அவர் வாசிக்கட்டும்.